ஹலோவீனுக்குக் கூட்டமாகப் பார்க்கச் சின்னப் பட்ஜெட் பேய்ப் படங்கள்: எதைப் போடலாம், எப்படிப் போடலாம்?

வெள்ளவத்தை_ஏழாம்மாடி

வணக்கம். ஒக்டோபர் 31 சனிக்கிழமை வருகிறது. ஃபிளாட் ஹோலில் பதினைந்து பேருக்குப் படம் போட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளும் உண்டு, எழுபது தாண்டிய அம்மம்மாவும் உண்டு. கொஞ்சம் பயம், நிறையச் சிரிப்பு, இதுதான் தேவை. பெரிய ஸ்டூடியோப் படங்களை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அதனால் குறைந்த செலவில் எடுத்த, லேசான படங்களாகச் சொல்லுங்கள். வாடகைப் புரொஜெக்டர் ஒன்றும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கின்றன. புரொஜெக்டர் மேசையில் இருந்து சுவருக்கு 13 அடி. இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போட முடியாது.

இரவுக்காட்சி

செலவு குறைந்த பேய்ப் படத்தை எடைபோட ஒரு கேள்வி போதும்: கையில் காசில்லை என்பதை அந்தக் கதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது? சில படங்கள் அதை மூடி மறைக்கப் பார்க்கும், ரப்பர் முகமூடியை வெளிச்சத்தில் காட்டி, நம்புங்கள் என்று கெஞ்சும். நல்ல படங்களில் அந்தக் குறையே கதையாகிவிடும். கூட்டமாக இருந்து பார்க்கிறபோது இந்த வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் வகைக்கு ஆட்கள் போனை எடுப்பார்கள், இரண்டாவது வகைக்குத் திரையோடு சேர்ந்து கத்துவார்கள்.

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் 2017இல் வந்த ஜப்பான் படம் "வன் கட் ஒஃப் தி டெட்". ஷினிச்சிரோ உவேடா இயக்கியது, செலவு ஏறக்குறைய 30 இலட்சம் யென். முதல் 37 நிமிடம் ஒரே ஷொட், இடையில் வெட்டே இல்லை. அந்த 37 நிமிடத்தில் நடிகர்கள் காரணமே இல்லாமல் பேச்சை இழுப்பார்கள், லென்ஸில் இரத்தம் தெறிக்கும், ஒரு கட்டத்தில் கமரா நிலத்தில் கிடக்கும். பார்க்கிறவர் "என்ன மோசமான படம் இது" என்று எழும்பப் பார்ப்பார். எழும்ப விடாதீர்கள். அந்தக் கோளாறு ஒவ்வொன்றுக்கும் பின்பாதியில் கணக்குத் தீர்க்கப்படும், சிரிப்பு முழுக்க அங்கேதான். இதற்கு மேல் நான் சொன்னால் படம் கெட்டுப்போகும். மூன்று விஷயம் கவனியுங்கள்: ட்ரெய்லர் காட்ட வேண்டாம், நடுவில் இடைவேளை விட வேண்டாம், தொடங்க முன்னம் "நாற்பது நிமிடம் பொறுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மொத்தம் 96 நிமிடம்.

பிள்ளைகளோடு பார்க்க 1959இல் வந்த "ஹவுஸ் ஒன் ஹோன்டட் ஹில்" நல்லம். கறுப்பு வெள்ளை, 75 நிமிடம்தான். ஒரு பணக்காரர் ஐந்து பேரைப் பேய் வீட்டுக்கு அழைத்து, விடியும் வரை இருந்தால் ஆளுக்கு 10,000 டொலர் என்கிறார். அந்தப் பணக்காரராக வின்சன்ட் பிரைஸ். அவர் குரலே பாதிப் பயத்தைத் தந்துவிடும். தயாரித்து இயக்கிய வில்லியம் காசல், தியேட்டருக்குள்ளேயே கம்பியில் ஓர் எலும்புக்கூட்டைச் சனத்தின் தலைக்கு மேலே ஓடவிட்டவர். அந்த வித்தைக்கு "எமர்கோ" என்று பெயர் வைத்திருந்தார். வீட்டிலும் அதைச் செய்து பார்க்கலாம்.

1960இல் ரோஜர் கோர்மன் எடுத்த "தி லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்" 72 நிமிடம். வேறொரு படத்துக்குப் போட்ட செட்டை உடைக்க முன்னம், பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார்கள். மனிதரைத் தின்னும் செடிதான் பேய். இளவயது ஜாக் நிக்கல்சன் பல் வைத்தியரிடம் ஆசையோடு வலி வாங்கப் போகிற காட்சி ஒன்று வரும், அதற்குப் பெரியவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கொட்டாஞ்சேனை_ரீல்

அண்ணா, எல்லாம் சரி, ஆனால் அம்மம்மாவை மறந்துவிட்டீர்கள். ஜப்பான் படத்தை இங்கிலிஷ் சப்டைட்டிலோடு போட்டால் அவர் அரைமணியில் நித்திரை. தமிழிலேயே இந்த வகைக்குப் பஞ்சமில்லையே. ராகவா லோரன்ஸின் "முனி" (2007), அதற்குப் பின் "காஞ்சனா" (2011). காஞ்சனாவில் பேய்க்குப் பயந்த மகனும் கோவை சரளாவின் அம்மாவும் சேர்ந்து செய்கிற அட்டகாசத்துக்கு மூன்று தலைமுறையும் சிரிக்கும். அதோடு, சரத்குமார் நடித்த திருநங்கைக்கு நடந்த அநியாயத்தைப் பகிடிக்கு நடுவில் வைத்து, சனத்தை அவர் பக்கம் நிற்க வைத்த படம் அது. அதை லேசாக எண்ண முடியாது.

2014இல் வந்த "யாமிருக்க பயமே"யும் உண்டு. பழைய பங்களாவை ஹோட்டலாக்கப் போய் மாட்டிக்கொள்கிற கதை. ஆனால் பெரியவர்களுக்கான பகிடிகள் இருக்கின்றன, பத்து வயதுக்குப் போடாதீர்கள்.

இரவுக்காட்சி

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு, அம்மம்மாவை நான் யோசிக்கவில்லை. காஞ்சனாவை நானும் மதிக்கிறேன், ஆனால் அது இந்த இழையின் படமில்லை. பேயை முழு உருவத்தில், முழு வெளிச்சத்தில், பாட்டும் சண்டையுமாகக் காட்டுகிற படத்துக்குப் பணம் வேண்டும், நீளமும் வேண்டும். இடையில் பாட்டு வருகிறபோது சேர்த்து வைத்த பயம் கரைந்துபோகும், பிறகு முதலில் இருந்து கட்ட வேண்டும். தியேட்டரில் சனம் அதை இடைவேளை மாதிரி எடுத்துக்கொள்ளும், வீட்டில் ஆட்கள் குசினிக்குப் போவார்கள்.

தமிழில் சிக்கனத்தின் பாடம் என்றால் கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான "பீட்சா" (2012). பீட்சா கொண்டுபோன ஒரு பொடியன், ஒரு பங்களா, ஒரு டோர்ச் லைட். டோர்ச் வெளிச்சம் படாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவரே கற்பனை செய்துகொள்வார், அந்த வேலைக்குத் தயாரிப்பாளர் காசு கொடுக்கத் தேவையில்லை. சிரிப்புப் படம் என்று அதைச் சொல்ல முடியாது, அதனால் பிள்ளைகள் இருக்கிற இரவுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, மலையாளத்தில் 2023இல் வந்த "ரோமாஞ்சம்". பெங்களூரில் ஒரு வீட்டில் ஒன்றாகத் தங்கியிருக்கிற பொடியன்கள், கரம் போர்டைத் திருப்பிப் போட்டு ஆவியைக் கூப்பிடுகிறார்கள். பேய்க்கென்று செட் இல்லை, வேஷம் இல்லை, நண்பர்களின் பேச்சுத்தான் படம். மலையாளம் காதுக்குப் பாதி விளங்கும் என்பதால் சப்டைட்டில் பாரமாக இராது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், அது ஒன்றுதான் தடை.

ஒலிப்பலகை

படம் எதுவானாலும், வெள்ளவத்தை ஃபிளாட்டில் பேய்ப் படத்தைக் கெடுக்கிறது சத்தம்தான். அமைதிக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் இடையில் உள்ள தூரமே பயம். கடற்கரைப் பக்க ஃபிளாட் என்றால் ரயில் போகும், காலி வீதிப் பக்கம் என்றால் பஸ் ஹோர்ன். ஹோலில் ஃபேன் ஐந்தில் சுற்றினால் மெதுவாகப் பேசுகிற வசனம் முழுக்க அதற்குள் போய்விடும். ஆட்கள் "கூட்டு, கூட்டு" என்பார்கள், நீங்கள் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடம் படத்தில் கதவு அடிபடும், கீழ்வீட்டார் மேலே வருவார்கள்.

இதற்குச் செய்யக்கூடியது: லப்டொப்பில் விஎல்சி பிளேயரில் போடுங்கள். ஒலி விளைவுகளுக்குள் கம்ப்ரெஸர் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் மெல்லிய சத்தம் மேலே வரும், பெரிய சத்தம் அடங்கும். கொஞ்சமாகப் போடுங்கள். முழுக்கப் போட்டால் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்று திடுக்கிடல் செத்துப்போகும். டி.வி.யில் நேராகப் போடுபவர்கள் ஒலி மெனுவில் "நைட் மோட்" இருக்கிறதா என்று தேடுங்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

புளூடூத் ஸ்பீக்கரை முடிந்தால் தவிருங்கள். 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்தி ஒலிக்கும். பகிடிப் படத்தில் அது பெரிய சேதம்: முகம் காட்டிய பிறகுதான் அலறல் கேட்கும், சிரிப்பும் பயமும் இரண்டும் தவறும். 3.5 மில்லிமீற்றர் வயர் ஒன்றைச் செருகினால் தீர்ந்தது. வயர் இல்லையென்றால் விஎல்சியில் படம் ஓடும்போது ஜே விசையை அழுத்துங்கள், ஒவ்வொரு தரமும் ஒலி 50 மில்லிசெக்கன் முன்னே வரும். 200 பிந்தினால் நாலு தரம். கே விசை எதிர்ப்பக்கம். உதடு தெளிவாகத் தெரிகிற வசனக் காட்சி ஒன்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

சின்ன ஸ்பீக்கருக்கு ஏற்ற படத்தைத் தெரிவதும் முக்கியம். "பரநோர்மல் எக்டிவிட்டி" 2006இல் இயக்குநர் ஒரென் பெலியின் சொந்த வீட்டில் ஏழு நாளில், ஏறக்குறைய 15,000 டொலரில் எடுத்த படம். அதில் பேய் வர முன்னம் அடிவயிற்றில் உறுமுகிற ஒரு தாழ்ந்த ஒலி வரும். கையடக்க ஸ்பீக்கர் அந்த ஒலியைத் தராது. அந்த ஒலி இல்லாவிட்டால் மிஞ்சுவது ஆட்கள் நித்திரை கொள்கிற வீடியோ. இரவுக்காட்சி அண்ணா சொன்ன பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் ஒலி நடு அலைவரிசையில்தான் இருக்கும், சின்ன ஸ்பீக்கருக்கு அவைதான் சரி.

பம்பலப்பிட்டி_ஒளி

13 அடி கூடிப்போச்சு. வாடகைக்கு வருகிற புரொஜெக்டர்களில் பல 1.5 த்ரோ விகிதம் உள்ளவை, அதாவது சுவருக்கு உள்ள தூரம் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. 13 அடி என்றால் 3.96 மீற்றர், அதை 1.5ஆல் பிரித்தால் படத்தின் அகலம் 2.64 மீற்றர், குறுக்காக, அதாவது மூலைக்கு மூலை, 119 அங்குலம் வரும். பெரிதாகத் தெரியும்தான், ஆனால் அதே வெளிச்சம் அவ்வளவு பரப்பிலும் பரவ வேண்டும். மேசையை 10 அடிக்குக் கொண்டுவாருங்கள்: அகலம் 2.03 மீற்றர், குறுக்காக 92 அங்குலம், வெளிச்சம் ஏறக்குறைய 70 வீதம் கூடும். பேய்ப் படத்தில் பாதிக்கு மேல் இருட்டு, அங்கே இந்த 70 வீதம்தான் நிலவறையில் ஆள் நிற்கிறதா இல்லையா என்று காட்டும்.

கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டு முழுக்க ஒரே மையாகத் தெரிந்தாலோ, லப்டொப்பும் புரொஜெக்டரும் எச்டிஎம்ஐ வண்ண வீச்சில், அதாவது கறுப்பில் இருந்து வெள்ளை வரை குறிக்கிற எண்களில், ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒன்று 0–255 அனுப்பும், மற்றது 16–235 எதிர்பார்க்கும். இரண்டையும் "லிமிட்டட்" அல்லது இரண்டையும் "ஃபுல்" என்று ஒரே மாதிரி வையுங்கள். புரொஜெக்டர் மெனுவில் "டைனமிக்" வேண்டாம், "சினிமா" போடுங்கள்.

அந்த நேரத்தில் கொழும்பில் ஆறு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும், ஆறரைக்குத் தாராளமாகத் தொடங்கலாம். ரூஃப்டொப்பில் போடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம். உள்ளே போட்டாலும் மின்னல் கிட்ட விழத் தொடங்கினால் புரொஜெக்டர் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றி விடுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் காணாது.

வெள்ளவத்தை_ஏழாம்மாடி

எல்லாருக்கும் நன்றி. பேய் வீட்டுப் படம் பிள்ளைகளோடு, ஜப்பான் படம் பெரியவர்களுக்கு என்று யோசிக்கிறோம். அந்த எலும்புக்கூட்டு வித்தையைச் செய்ய ஆசை. வாசலில் கொஞ்சம் பொய் இரத்தமும் வேண்டும். இங்கே கிடைக்கிற சாமானில் எப்படிச் செய்வது?

மாவும்_மையும்

வெளிநாட்டு வீடியோக்களில் கோர்ன் சிரப் என்பார்கள். 1981இல் வந்த "தி ஈவில் டெட்"டின் இரத்தமும் அதில்தான் கலந்தது. இங்கே அதற்குப் பதிலாகக் கேக் சாமான் கடைகளில் திரவ குளுக்கோஸ் கேளுங்கள். கட்டியாக இருக்கும், நாலு பங்குக்கு ஒரு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு இளக்குங்கள்.

அதைவிட மலிவு சீனிப் பாகு. சீனி இரண்டு கப், தண்ணீர் ஒரு கப், ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி கோன்ஃப்ளவரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி இன்னும் ஒரு நிமிடம் கிண்டுங்கள். அடுப்பை நிறுத்தி ஆறவிட்டுச் சிவப்புக் கலரிங் இரண்டு தேக்கரண்டி. இந்த இடத்தில்தான் கனபேர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில் ரோஸ் மில்க் மாதிரித் தெரிகிறது. ஒரு தேக்கரண்டி கொக்கோப் பவுடரைச் சுடுதண்ணீரில் குழைத்துச் சேருங்கள், நேராகப் போட்டால் கட்டி கட்டும். பிறகு நீலக் கலரிங் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாகிவிடும், திருப்ப முடியாது.

கொழும்பில் இதன் எதிரி எறும்பு. வாசலில் ஊற்றி அரைமணியில் வரிசை கட்டும். ஆகவே நிலத்தில் ஊற்றாமல் பழைய ட்ரேயில் அல்லது பொலித்தீனில் ஊற்றி, ஆட்கள் வந்ததும் எடுத்துவிடுங்கள். டைல்ஸ் இடுக்குச் சிமெந்தில் சிவப்பு ஊறினால் போகாது. துணியில் பூசுவதென்றால் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கழுவச் சுகம், ஆனால் அப்படிக் கலந்ததை வாய்ப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகள் நக்கிப் பார்ப்பார்கள், அவர்களுக்குத் தனிப் போத்தல் வையுங்கள்.

கறுப்பு வெள்ளையில் ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ "நைட் ஒஃப் தி லிவிங் டெட்"டில் இரத்தத்துக்குச் சொக்லேட் சிரப்பைத்தான் பாவித்தார்.

எலும்புக்கூடு: கனமான வெள்ளை அட்டையில் இரண்டரை அடி உயரம் போதும். மூட்டுகளைத் தனித்தனியாக வெட்டிப் பித்தளைப் பின்னால் சேருங்கள், அப்போதுதான் ஓடும்போது கைகால் ஆடும். திரைக்கு மேல் ஒரு கொக்கி, எதிர்ச் சுவரில் ஓரடி தாழ்வாக இன்னொரு கொக்கி, இரண்டுக்கும் நடுவில் தூண்டில் நைலோன் நூலை இறுக்கிக் கட்டி, எலும்புக்கூட்டைச் சின்ன வளையத்தில் தொங்கவிடுங்கள். சரிவில் தானாக ஓடிவரும், பின்னால் இழுக்க இன்னொரு நூல். நூல் போகிற வழியில் மேல் ஃபேன் இருந்தால் வேறு வழி பாருங்கள். வேறு வழி இல்லையென்றால் படம் தொடங்க முன்னமே ஃபேனை நிறுத்தி, சுவிட்சில் டேப் ஒட்டுங்கள். புழுக்கத்தில் யாராவது பழக்கத்தில் போட்டுவிடுவார்கள், நைலோன் இறக்கையில் சுற்றினால் கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

இரவுக்காட்சி

எப்போது ஓடவிடுவது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் நிலவறையில் அமிலத் தொட்டியில் இருந்து எலும்புக்கூடு எழும்பி வரும் காட்சி உண்டு, காசலும் அங்கேதான் விட்டார். முதல் நாளே அந்த இடத்தின் நேரத்தைக் குறித்து வையுங்கள். இந்தப் படம் அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படமாகிவிட்டதால் இணையத்தில் பல பிரதிகள் உலாவுகின்றன, சிலவற்றில் வெள்ளை வெளிறி முகமே தெரியாது. நிலவறைக் காட்சியில் ஒரு நிமிடம் பார்த்தால் போதும், முகத்தில் நிழல் தெரிகிற பிரதியை எடுங்கள். வர்ணம் பூசிய பிரதிகள் வேண்டவே வேண்டாம்.

ஜம்பட்டா_பொடியன்

நாங்கள் நாலு பேர் போனில் ஐந்து நிமிடப் பேய்ப் படம் எடுத்து அன்றைக்கே போடலாம் என்று பார்க்கிறோம். வீட்டு லைட்டில் எடுத்தால் வரி வரியாக அடிக்கிறது. ஏன்?

பம்பலப்பிட்டி_ஒளி

தம்பி, இலங்கையில் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். மலிவு எல்ஈடி செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். போன் வழக்கமாகச் செக்கனுக்கு 30 ஃபிரேமில் எடுக்கும், ஷட்டரையும் தன்பாட்டில் மாற்றும், இரண்டும் ஒத்துவராது. புரோ மோட் இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 செக்கன், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டி வையுங்கள். 25 இல்லாத போன் என்றாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் வரி போகும்.

பேய் ஓடிவருகிற பார்வைக்கு ஈவில் டெட் ஆட்கள் செய்ததையே செய்யலாம். ஒரு நீளப் பலகையின் நடுவில் கமராவைப் பூட்டி, இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கையில் பிடித்து ஓடினால் வருகிற சின்ன நடுக்கம் பலகையில் பெரிய அலையாக மாறும், அது மனிதர் நடப்பது மாதிரித் தெரியாது. போனுக்கு ஐந்தடிப் பலகை காணும். ஒழுங்கையில் ஓட முன்னம் நாய்களைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_ரீல்

பொடியன், ஒரு வேண்டுகோள். நவம்பர் 2 மரித்தோர் தினம், எங்கள் பக்கத்து ஆட்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகிற நாட்கள் அவை. மயானத்துக்குள் போய் எடுக்காதீர்கள். மாடிப்படி ஒன்றும் நீள நடை ஒன்றும் இருந்தால் ஐந்து நிமிடப் படத்துக்குத் தாராளம்.

ஒலிப்பலகை

ஜப்பான் படத்துக்குத் தனியாகச் சப்டைட்டில் கோப்பு எடுக்கிறீர்கள் என்றால் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சரிபாருங்கள். இரண்டும் ஒரே அளவு பிந்தினால் ஜி, எச் விசைகளால் 50 மில்லிசெக்கன் வீதம் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், கோப்பு 25 ஃபிரேம் பிரதிக்கும் உங்கள் படம் 23.976 ஃபிரேமிலும் இருக்கிறது. 96 நிமிடத்தின் முடிவில் இந்த விலகல் ஏறக்குறைய நாலு நிமிடம், விசையால் பிடிக்க முடியாது. வேறு கோப்புத் தேடுங்கள், அல்லது சப்டைட்டில் எடிட்டரில் ஃபிரேம் வீதத்தை மாற்றுங்கள். இந்தப் படத்தில் பகிடி முழுக்க நேரத்தில் தங்கியிருக்கிறது, அரைச் செக்கன் முந்திச் சப்டைட்டில் வந்தாலும் போச்சு.

வெள்ளவத்தை_ஏழாம்மாடி

முடிவு இதுதான். 6.15க்கு "ஹவுஸ் ஒன் ஹோன்டட் ஹில்", 7.30க்கு முடியும். அம்மம்மாவுக்காகத் தொடங்க முன்னம் கதையின் முதல் பகுதியைத் தமிழில் சொல்லிவிடுவோம். சாப்பாடு. 8.15க்குப் பிள்ளைகள் உள்ளறைக்கு, பெரியவர்களுக்கு "வன் கட் ஒஃப் தி டெட்", 9.51க்கு முடியும். ஞாயிறு மத்தியானம் அம்மம்மாவோடு காஞ்சனா, சத்தம் பிரச்சினையில்லை. ஸ்பீக்கருக்கு வயர் வாங்கியாச்சு.

இரவுக்காட்சி

நல்ல ஒழுங்கு. சாப்பாட்டை மட்டும் எட்டேகாலுக்குள் முடித்து, தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். ஜப்பான் படத்தின் முதல் 37 நிமிடத்தில் ஒருவர் தட்டுக் கழுவ எழும்பினால் பின்னாலேயே நாலு பேர் எழும்புவார்கள், பிறகு பின்பாதியில் மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்கு விளங்காது.